தலைமாட்டில் ஒரு மஞ்சள் நட்சத்திரம்

செவ்வாய்க்கிழமை காலை டீச்சருடைய கட்டிலின் தலைமாட்டில் நர்ஸம்மா ஒரு மஞ்சள் நட்சத்திரத்தை ஒட்டினாள். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள். இந்த வார்டில் நட்சத்திரம் ஒட்டினால், எழுந்தால் விழுந்துவிடக்கூடிய ஆள் என்று பொருள். மணியடித்துத் துணைக்குக் கூப்பிடாமல் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது.

பக்கத்துக் கட்டில்காரிக்கும் ஒன்று ஒட்டியிருந்தது. நட்சத்திர ஹோட்டலில் தங்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளலாம் என்று அவள் சிரித்தாள். முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"விழறவங்களுக்கு எதுக்கும்மா நட்சத்திரம்?"

"வானத்துலேருந்து விழுதே, அதை வச்சுத்தான் டீச்சர்."

"அது பொடிக்கல்லு. எரிஞ்சுக்கிட்டே வருது. நட்சத்திரம் எங்கயும் விழாது."

நர்ஸம்மா பணிவாகத் தலையாட்டினாள். நட்சத்திரம் ஒட்டிய இடத்திலேயே இருந்தது.

அது இருக்கும்வரை டீச்சரைத் தனியாக வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விடுவதாக மகன் சொல்லியிருந்தான். அங்கே ஒரு குறையும் இல்லை, மருமகள் தங்கமானவள். ஆனால் இப்போதைக்கு அவனிடம் கொடுத்துவைத்திருந்த டீச்சரின் வீட்டுச் சாவி, அங்கே போய்விட்டால் அவன் சட்டைப்பையிலேயே தங்கிவிடும். தன் கதவைத் தானே பூட்டித் தானே திறப்பதை விட்டுக்கொடுக்க டீச்சர் தயாராக இல்லை.

மூன்று நாள் துணையோடு நடந்து பழகி, பிறகு ஜன்னல்வரை தனியாகப் போய்த் திரும்பினால் நட்சத்திரத்தை எடுத்துவிடுவார்கள். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அது போதாதென்று, மத்தியானம் வார்டு கண்ணயர்ந்த நேரத்தில் மணியைத் தொடாமல், சுவரைப் பிடித்துக் கள்ளத்தனமாகவும் நடந்தார். புதன்கிழமை முழங்கால் மடங்கியது. நட்சத்திரம் விழாது என்று வாய்கிழியப் பேசியவர், கட்டில் கம்பி கைக்கு எட்டியதால்தான் தப்பினார். அதைப் பார்த்தது பக்கத்துக் கட்டில்காரி மட்டும்தான். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வெள்ளிக்கிழமை மகன் எதிரிலேயே ஜன்னல்வரை போய்ப் பிசகாமல் திரும்பினார். நர்ஸம்மா முகமெல்லாம் சிரிப்பாக, வீட்டுக்கு அனுப்புவதற்கான தாளை எடுத்தாள். எல்லாரிடமும் கேட்கும் கடைசிக் கேள்விதான்: மணியடிக்காமல் எப்போதாவது இறங்கியதுண்டா?

இல்லை என்று சொல்லிவிட்டால் வீடு. பக்கத்துக் கட்டில்காரி கண்ணாலேயே அப்படிச் சொல்லச் சொன்னாள். டீச்சருக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எத்தனையோ நோட்டுகளில் சிவப்பு மையால் நட்சத்திரம் போட்ட கை அது. பார்த்து எழுதிய பிள்ளைக்கு, விடையெல்லாம் சரியாகவே இருந்தாலும், ஒருநாளும் போட்டதில்லை.

"இறங்கினேம்மா. நாலு தரம். ஒரு தரம் விழப் பாத்தேன்."

நர்ஸம்மா சிரிப்பை மடித்து வைத்தாள். மறுபடி முதலிலிருந்து மூன்று நாள். இதுதான் சமயமென்று மகன், பேசாமல் தன்னோடு கிளம்பும்படி ஆரம்பித்தான்.

"நீ போயிட்டுத் திங்கக்கிழமை வா. என் வீட்டுச் சாவியோட வா."

அவன் போன பிறகு டீச்சருக்கு பாத்ரூம் போகவேண்டும்போல இருந்தது. பழக்கத்தில் ஒரு காலைக் கீழே தொங்கவிட்டவர், மறுபடி மேலே இழுத்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கையை நீட்டி மணியை அழுத்தினார்.