மூன்று சென்டிமீட்டர்

நுரையீரலில் புற்றுநோய் என்று உறுதியான மறுநாள் காலை, நோயாளியின் இடது மணிக்கட்டில் ஒரு வெள்ளை நூல் முளைத்திருக்கும். வலி கிடையாது. குரோமோசோம்களின் நுனியைக் காக்கும் டெலோமியர்தான் வெளியே எட்டிப் பார்க்கிறது, சென்டிமீட்டருக்கு ஒரு வருடம் ஆயுள் என்று தலைமை மருத்துவர் சொன்னார். அதை அளந்து பதிவேட்டில் எழுத ஜன்னலில்லாத அறை ஒன்றையும், துணி நாடா ஒன்றையும், ஐம்பது வயதுப் பெண் ஒருத்தியையும் ஒதுக்கினார்கள். அந்த அறைக்கு வந்தவர்கள் அவளிடம் “எவ்வளவு?” என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. கணவர் போன பிறகு வீட்டில் அதைக் கேட்கக்கூட ஆளில்லை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் ஒருவருக்கு மூன்று சென்டிமீட்டர் இருந்தது. படிவத்தில் உடன் வருபவர் என்ற இடத்தில் அவர் கோடு போட்டிருந்தார். ஆனால் வாய் ஓயாத மனிதர். “லிஃப்ட் கயிறா இருந்தா எப்பவோ மாத்தியிருப்பேன் சிஸ்டர்” என்று சிரிப்பார். மாதத்தின் முதல் செவ்வாய் அவர் வரும் நாள். அன்று அவள் இன்னொரு முறை தலை வாரிக்கொள்வாள். ஒரு வருடத்தில் நூல் இரண்டு சென்டிமீட்டராகத் தேய்ந்தது. அந்த வாரம் நாடாவின் முனைத் தகடு கழன்று இழை பிரிந்தது. பிசிறைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. நறுக்கென்று ஒரு சென்டிமீட்டரை வெட்டினாள். நாடா இப்போது ஒன்றில் தொடங்குகிறது என்பதைக் கவனிக்காமல், அன்று வந்த நாற்பது பேருக்கும் ஒன்று கூடுதலாக எழுதிவிட்டாள். அந்த வருடம் சாக வேண்டியவர்கள் யாரும் சாகவில்லை. சாவு நூலைப் பார்ப்பதில்லை, பதிவேட்டைத்தான் பார்க்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்த இரண்டு வருடங்களில் தெரிந்தே இன்னும் இரண்டு முறை வெட்டினாள். தப்புதான். தனியாக இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு வெட்டத் தேவைப்படவில்லை. அவருடைய நூல் முழுதும் தீர்ந்துவிட்டது, நாடா மூன்றில் தொடங்கியது, வெறும் மணிக்கட்டில் வைத்தாலே மூன்று காட்டியது. இப்படியே மொத்தம் பத்து வருடம் ஆனது. தலைமை மருத்துவரின் ஆராய்ச்சி ஆற்றில் கரைத்த புளியாயிற்று. “மூணு வருஷம்னு சொன்ன ஆளு பத்து வருஷமா வந்துட்டிருக்காரு. நீளத்துக்கும் ஆயுசுக்கும் சம்பந்தமே இல்லம்மா” என்று சொல்லி அறையை மூட உத்தரவு போட்டார். கடைசி நாளில் அவள் எல்லோருக்கும் நாடாவின் கடைசி எண்ணான நூற்றைம்பதை எழுதினாள். லிஃப்ட்காரருக்கு மட்டும் மூன்று என்றே எழுதி, பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

முதல் செவ்வாயன்று அவர் முகவரி விசாரித்து வந்து சேர்ந்தார். மேஜையில் திறந்திருந்த பதிவேட்டை நிதானமாகப் படித்தார்.

“எனக்கும் நூத்தம்பது எழுதியிருக்கலாமே சிஸ்டர்?”

“எழுதியிருந்தா இன்னைக்கு வந்திருப்பீங்களா?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்து, நூலில்லாத மணிக்கட்டை நீட்டினார். அவள் நாடாவை வைத்துப் பார்த்து, மூன்று என்று எழுதினாள்.