மூன்றாம் நம்பர் வண்டி வழியில் இருக்கிறது

1978ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த வசந்தா லாரி சர்வீஸின் மூன்றாம் நம்பர் வண்டி, பதினான்காம் வளைவில் ஓரச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே போய், கீழே விழாமல் அந்தரத்தில் நின்றுவிட்டது. சாலையிலிருந்து அது நின்ற இடம் பதினைந்தடி தூரம். சக்கரங்களுக்குக் கீழே பள்ளத்தாக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. பின்னால் மாரமங்கலத்தில் ஏற்றிய தொண்ணூறு மூட்டை காப்பிக்கொட்டை, முன்னால் டிரைவர் குழந்தைவேல். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைவேல் சிறிது நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு, டீசல் வீணாக வேண்டாம் என்று அதை அணைத்தார்.

வசந்தா லாரி சர்வீஸ் என்பது ஏரிக்குப் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை, நான்கு லாரிகள், பதினோரு ஆட்கள். முதலாளி சேலத்துக்காரர், வாரம் ஒரு நாள் மேலே வருவார். குழந்தைவேல் கரடியூரைச் சேர்ந்தவர். ராகியும் ஆரஞ்சும் பயிர் செய்த குடும்பத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் லைசென்ஸ் வாங்கி, ஒன்பது வருடமாக இந்த இருபது வளைவுகளிலும் ஏறி இறங்கியவர். அன்றைக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த லோடுமேன் வெள்ளையன், வளைவுக்குச் சற்று முன்னால் உண்ணிச்செடிப் புதரில் குதித்துவிட்டார். அவருக்கு இடது மணிக்கட்டு உடைந்ததோடு சரி. மெக்கானிக் மாதப்பன் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே, பின்சக்கரத்துப் பிரேக் பைப் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தார். சீசன் முடிய இரண்டு வாரம்தானே, முடிந்ததும் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இது குழந்தைவேலுக்கும் தெரியும். அதனால்தான் அவர் அன்று கிளம்பியதிலிருந்தே இரண்டாவது கியரில் வந்தார்.

முதல் மூன்று நாட்கள் எல்லோரும் அவரை மீட்கப் பார்த்தார்கள். மாதப்பன் கயிற்றை வீசினார். குழந்தைவேல் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்ததும் வண்டி முனகிக்கொண்டு ஒரு முழம் கீழே இறங்கியது. அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டதும் நின்றது. மறுநாள் சேலத்திலிருந்து ஏணியும் கொக்கியுமாக ஆட்கள் வந்தார்கள். அப்போதும் அப்படியே. குடிக்கக் கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்குப்போசியை வெறுமனே திரும்ப இழுத்தபோதுகூட வண்டி ஒரு சாண் இறங்கியது. அங்கே போவதற்குத் தடையில்லை, அங்கிருந்து எதுவும் வரக்கூடாது என்பது மூன்றாம் நாள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. வண்டி அதற்குள் ஆறடி இறங்கியிருந்தது. ஏணிக்காரர்கள் ஏணியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். குழந்தைவேல் கயிற்றைத் தானே அவிழ்த்துப் பள்ளத்தில் போட்டார். “இனிமே யாரும் இழுக்காதீங்க. நா இப்பிடியே இருந்துக்கறேன்” என்றார்.

அதன் பிறகு சோறு கொண்டுபோவது கம்பெனி ஆட்களின் வேலையாயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை. திங்கட்கிழமை புக்கிங் கிளார்க் ராஜேஸ்வரி வீட்டுச் சோறு, செவ்வாய் மாதப்பன் வீடு, புதனும் ஞாயிறும் குழந்தைவேலின் மனைவி சின்னத்தாயி கரடியூரிலிருந்து கொண்டுவரும் களியும் கீரையும், மற்ற நாட்களுக்கு மற்ற டிரைவர்கள். எல்லாவற்றையும் வாழையிலையில் இறுகக் கட்டி வீச வேண்டும். வீசியது ஒரு நாளும் தவறியதில்லை, எவ்வளவு மோசமாக எறிந்தாலும் ஜன்னல் வழியாகப் போய் அவர் மடியில் விழுந்தது. சின்னத்தாயி சட்டை அனுப்பினாள். அழுக்குச் சட்டை திரும்பி வர வழியில்லாததால் அவரே மழையில் அலசிக் கண்ணாடிக் கம்பியில் காயப்போட்டுக்கொண்டார். மலையிலிருந்து கிளம்பும் வண்டிகளை எழுதும் நோட்டில் ராஜேஸ்வரி ஒவ்வொரு நாளும் மூன்றாம் நம்பருக்கு நேராக ‘வழியில்’ என்று எழுதினாள். வந்து சேராத வண்டிக்கு வேறு என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சின்னத்தாயி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் பஸ்ஸில் கொண்டுவந்து, உடைந்த சுவரோரம் நின்று இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டினாள். வெயில் எதிரே இருந்ததால் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. கொஞ்சம் இப்படித் திருப்பச் சொன்னார், அவள் திருப்பினாள். சாந்தி என்று பேர் வைக்கச் சொன்னார். குழந்தையின் மூக்கு யாரைப்போல என்று கேட்டார். உங்களைப்போல என்று அவள் சொன்னாள். பஸ் வரும்வரை அவள் குழந்தையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

வெள்ளையன் புதரில் குதித்த நாளிலிருந்து எந்த வண்டியிலும் ஏறவில்லை. மணிக்கட்டு கூடியதும், அந்தந்த வீட்டுச் சோற்றை வாங்கிக்கொண்டு நடந்தே இறங்கிப் போய் வீசிவிட்டு நடந்தே ஏறி வந்தார். ஆனால் குழந்தைவேலிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பொட்டலத்தை எறிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிடுவார். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. 1980 தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் அவர் சோற்றை எறியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

“டிரைவரண்ணா, நா குதிச்சுட்டேனுங்க” என்றார்.

“குதிக்கச் சொன்னதே நாந்தானே வெள்ளையா.”

“நீங்க சொல்றதுக்கு முன்னாலயே குதிச்சுட்டேனுங்க. நீங்க கத்துனது எனக்குப் புதருக்குள்ள இருந்துதா கேட்டுச்சு.”

கீழே எங்கோ எஸ்டேட்டில் மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு குழந்தைவேல், “செரி, வெத்தல கொண்டாந்தியா?” என்று கேட்டார். வெள்ளையன் கொண்டுவந்திருக்கவில்லை. மறுபடி மேலே ஏறி வாங்கிக்கொண்டு இறங்கினார். அன்று அந்தப் பாதையை அவர் இரண்டு முறை நடந்தார்.

1983இல் சேலத்து லாரி உரிமையாளர்கள் சிலர் சேர்ந்து, லாரிக் கம்பெனிகளில் வேலை செய்யும் ஆட்களைப் பாராட்டி விழா எடுத்தார்கள். மூன்றாம் நம்பர் வண்டி விழவில்லை, ஆகையால் அது விபத்தில் சேராது என்று தீர்மானித்து, குழந்தைவேலை விபத்தில்லாமல் ஓட்டியவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். அவர் வர முடியாததால் விழாவைப் பதினான்காம் வளைவிலேயே வைத்தார்கள். மைக் செட்டும் ஷாமியானாவும் வந்தன. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், நீங்கள் இல்லாவிட்டால் நாட்டில் அடுப்பு எரியாது என்று முக்கால் மணி நேரம் பேசினார். மாதப்பனுக்குச் சால்வை, ராஜேஸ்வரிக்கு எவர்சில்வர் தட்டு. வெள்ளையன் தன் பேரைக் கூப்பிட்டபோது கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். குழந்தைவேலுக்கு ரோஜா மாலையை வீசினார்கள், அது சரியாக அவர் கழுத்தில் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அவரையும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை ஒரு மூங்கில் கழியில் கட்டி நீட்டினார்கள்.

“நொம்ப சந்தோசமுங்க” என்றார் குழந்தைவேல். அவர் குரல் ஒலிபெருக்கியில் மலை முழுக்கக் கேட்டது. “எனக்கு மாலையெல்லா வேண்டாமுங்க. மத்த மூணு வண்டிக்கும் பிரேக் பைப்ப மாத்திப் போடச் சொல்லுங்க. அதுவும் பழசுதா.”

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த முதலாளி எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார். அந்த வாரமே மூன்று வண்டிகளுக்கும் புதுப் பைப் போடப்பட்டது. விழாவால் நடந்தது அது ஒன்றுதான். மாலை அவர் கழுத்திலேயே காய்ந்தது.

அடுத்த வருடங்களில் சொல்லும்படி அதிகம் இல்லை. மழையில் சாக்குகள் மக்கி, காப்பிக்கொட்டை முளைத்து, வண்டியின் பின்பக்கம் முழுக்கச் செடிகளாயிற்று. ஐந்தாம் வருடம் பங்குனி மழைக்குப் பிறகு வெள்ளையாகப் பூத்தது. வாசனை பத்தாம் வளைவு வரைக்கும் வந்தது. பழுத்த பழத்தைப் பறவைகள் தின்றன. குழந்தைவேலின் தாடி நரைத்தது. முன்பு சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியும் யாருடையது, எந்தக் கியரில் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போகப்போகக் கேட்டால் மட்டும் பதில் சொன்னார். சில வாரங்கள் கேட்டாலும் சொல்லவில்லை. சாந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து சுவரில் உட்கார்ந்து பாடம் படித்தாள். அப்பாவின் முகத்தை வண்டி ஜன்னலுக்குப் பின்னால் அல்லாமல் அவள் பார்த்ததே இல்லை.

1990இல் முதலாளி இறந்தார். அவருடைய பிள்ளைகள் கம்பெனியை விற்றார்கள். வாங்கியவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, பன்னிரண்டு வருடமாக ஒரு வண்டி வழியில் இருக்க முடியாது, அழிந்துவிட்டது என்று எழுதி முடித்துவிடச் சொன்னார். ராஜேஸ்வரி பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கும் வண்டியை எப்படி அழிந்தது என்று எழுதுவது என்று கேட்டாள். அவர் அது தன் பொறுப்பில்லை என்றார். அவள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அப்புறம் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போனாள். மாதப்பன் சங்ககிரிக்குப் பட்டறை வேலைக்குப் போனார். மற்ற டிரைவர்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தார்கள். சோறு வரும் வீடுகள் ஆறிலிருந்து இரண்டாயின. நடக்கும் ஆள் மட்டும் மாறவில்லை. வெள்ளையனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஆனாலும் அவர் பஸ்ஸில் ஏறவில்லை.

1997 ஆவணியில் சாந்திக்குச் சேலத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் கல்யாணம். தாலி கட்டிய கையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் வளைவுக்கு வந்து நின்று கும்பிட்டார்கள். குழந்தைவேல் முதல் நாளே கேட்டு வாங்கி வைத்திருந்த அட்சதையைக் கை நிறைய அள்ளி அவர்கள் பக்கம் தூவினார். அரிசி பாதி தூரம் வந்து, அங்கேயே சிறிது நேரம் நின்று, பள்ளத்தில் இறங்கிவிட்டது. அவர் இன்னொரு பிடி தூவினார். அதுவும் அப்படியே. மூன்றாவது பிடியைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சின்னத்தாயி தான் அங்கே போகப்போவதாகச் சொன்னாள். குழந்தைவேல் கூடாது என்றார். நான் கெட்டது போதாதா, நீயும் இங்கே வந்து மாட்டிக்கொள்ள வேண்டுமா என்று அழுதார். நாலு நாள் அவளோடு பேசாமல் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். அவள் நாலு நாளும் வந்து சுவரோரம் நின்றாள். ஐந்தாம் நாள் சாந்தி சேலத்திலிருந்து ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போனா திரும்பி வர முடியாதும்மா.”

“அது தெரிஞ்சுதா போறேன் கண்ணு.”

“அப்ப எனக்கு யாரிருக்கா?”

“உனக்கு ஊடு இருக்குது, உம்பட ஊட்டுக்காரர் இருக்காரு. பத்தொம்பது வருசம் உன்னயப் பாத்துட்டேன். அவரு பக்கத்துல நா பத்தொம்பது வருசமா உக்காரவே இல்ல சாமி.”

சாந்தி கையை விடவில்லை. சின்னத்தாயிதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். மாதப்பன் சங்ககிரியிலிருந்து வந்திருந்தார். அவரும் ராஜேஸ்வரியும் வெள்ளையனும் அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்ள, சின்னத்தாயி இரண்டு சேலையையும் ஒரு சீப்பையும் முடிந்துகொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்றில் கால் வைத்துப் போனாள். குழந்தைவேல் துண்டால் பக்கத்துச் சீட்டைத் துடைத்து வைத்தார். அவள் ஏறியதும் வண்டி மூன்று முழம் இறங்கியது. பிறகு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அவருடைய தலையைத் தன் பக்கம் திருப்பி, சிக்கெடுத்துச் சீவத் தொடங்கினாள். சாந்தி சாலையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசி பஸ்ஸில் அவளைச் சேலத்துக்கு ஏற்றிவிட ராஜேஸ்வரி கூடவே போக வேண்டியிருந்தது.

வெள்ளையன் மேலும் பதினெட்டு மாதங்கள் இரண்டு பேருக்குச் சோறு சுமந்தார். 1999 மாசியில் கிளியூரில் தன் வீட்டில் இறந்துபோனார். அன்றைக்குச் சோறு போகவில்லை. மறுநாள் காலை, இந்தக் கதை எதுவும் தெரியாத ஒரு சிமெண்டு லாரி டிரைவர் வளைவில் வண்டியை ஓரங்கட்டி, அந்தரத்தில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்து, “ஏனுங்க, சாப்ட்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றாள் சின்னத்தாயி. அவர் தன்னுடைய பொட்டலத்தை எறிந்துவிட்டுப் போனார். அதற்கடுத்த நாள் விறகு லாரிக்காரர். பிறகு காலையில் எந்தக் கம்பெனி வண்டி முதலில் இறங்குகிறதோ அதில் சோறு வந்தது, யாரும் முறை வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருடக் கடைசியில் சாலையோரச் சுவரைப் புதிதாகக் கட்ட ஆட்கள் வந்தார்கள். மற்ற இடங்களில் நெஞ்சு உயரத்துக்குக் கட்டிய மேஸ்திரி, பதினான்காம் வளைவில் மட்டும், பொட்டலம் எறிகிறவர்களுக்குக் கை வீச வசதியாக இருக்கட்டும் என்று இடுப்பளவோடு நிறுத்திக்கொண்டார்.