யோகேஸ்வரியை மூன்று முறை கொன்ற கதை

1

இந்தக் கதை என் கழுத்து வலியிலிருந்து பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. பொய். பிறந்தது என் தங்கை யோகேஸ்வரியின் கழுத்திலிருந்து. எனக்கு வந்திருந்தால் இந்நேரம் நாவலே எழுதியிருப்பேன்.

யோகேஸ் ஜொகூர் பாருவை ஒட்டிய செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். இடது காதில் நாடித் துடிப்போடு சேர்ந்து 'உஸ் உஸ்' என்று சத்தம் கேட்கிறது என்றாள்.

"காதுல அழுக்கா இருக்கும்லா," என்றேன்.

(எழுத்தாளனிடம் வைத்தியம் கேட்டால் இதுதான் கிடைக்கும்.)

2

முதல் தொடக்கம்: ஜொகூர் பாருவின் மேல் மழை ஒரு பழைய துக்கம்போல...

அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். கழுத்து ரத்தக்குழாய் நேராக ஏறாமல் வளைந்து நெளிந்து போனது.

"ஃபேக்டரில ஹோஸ் பைப் இப்படிக் கெடந்தா ஆளப் புடிச்சுத் திட்டுவேன்," என்றாள் யோகேஸ்.

இப்படி வளைந்த குழாய் உள்ளவர்களுக்கு மூளையின் ரத்தக்குழாயிலும் வீக்கம் இருக்க வாய்ப்பு சற்று அதிகம், எல்லாருக்கும் இருக்காது, எதற்கும் தலையையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். பார்த்தார்கள். இருந்தது. சுவர் மெலிந்து, சின்னக் குமிழி மாதிரி. வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

[அடிக்குறிப்பு: வளைவுதான் வீக்கத்துக்குக் காரணமா என்று கேட்டேன். "இன்னும் உறுதியாத் தெரியாது," என்றார். தெரியாததை ஒரே வரியில் சொல்லிவிட்டார். நானென்றால் நான்கு பக்கம் எடுத்திருப்பேன்.]

3

மூன்று வரைவுகள் எழுதினேன். ஒன்றில் சிங்கப்பூர்ப் பாலத்தில் பேருந்துக்குள் சரிகிறாள். இன்னொன்றில் தைப்பூசத்தன்று பால்குடத்தோடு. மூன்றாவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் வயலின் ஒலிக்கிறது. மடிக்கணினியை மூடாமல் டீ போடப் போனேன். வந்து பார்த்தால் அவள் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"அலமாக்! அண்ணே, மூணுலயும் என்னையக் கொன்னுட்டியே?"

"கதைக்கு ஒரு அழுத்தம் வேணும்ல."

"எனக்கு அழுத்தம் கூடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க."

4

தொடை வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்தி, குமிழிக்குள் கம்பிச் சுருள் வைத்து அடைப்பதாகத் திட்டம். அவள் கணவன் கனகராஜ் சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே டாக்டர் வெளியே வந்தார்.

"கழுத்து வளைவைத் தாண்ட முடியல. அழுத்தித் தள்ளினா ரத்தக்குழாய் கிழிஞ்சிடும். நிறுத்திட்டோம்."

நோயைக் காட்டிக்கொடுத்த வளைவே வைத்தியத்தை மறித்துக்கொண்டது. (இப்படியொரு திருப்பம் கற்பனையில் தோன்றியிருந்தால் துள்ளியிருப்பேன். அன்று கனகராஜின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாக்கியம்கூட...)

5

யோகேஸ் கண் விழித்ததும், "முடிஞ்சிச்சா?" என்றாள். கனகராஜ் சுவரைப் பார்த்தான். நான்தான் சொன்னேன்.

கண் ஓரத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

"அடுத்து?"

"மணிக்கட்டு வழியா, வேற கோணத்துல இன்னொரு தடவ பாக்கலாமாம். இல்லன்னா மண்டையத் தொறக்கணும்."

"மணிக்கட்டு. அதுலயும் முடியலன்னா தொறக்கட்டும். காலம்பூரா பயந்துகிட்டே வேலைக்குப் போக முடியாது." பிறகு, "எனக்கு மொட்ட அடிச்சா நீயும் அடிக்கணும்."

"எனக்கு அடிக்க என்ன இருக்கு?"

சிரித்தாள். நர்ஸ் என்னை முறைத்தார்.

6

இன்று காலை மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். கைபேசியில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு ஒன்று: மணிக்கட்டு வழி திறந்துகொள்கிறது. முடிவு இரண்டு: மண்டையைத் திறக்கிறார்கள், மெல்லத் தேறுகிறாள். முடிவு மூன்று: இல்லை. அதை எழுத மாட்டேன்.

இனி முடிவு உங்களுடையது. மலிவான சுப முடிவு என்று மற்றவர்கள் கதைகளை நக்கலடித்தவன் நான். இப்போது எனக்கு வேண்டியது அதிலேயே ஆக மலிவான ஒன்று, வயலின் வைத்தாலும் பரவாயில்லை.

கனகராஜ் எழுந்துவிட்டான். கதவு திறக்கிறது. நீங்கள் எழுதிக்கொண்டிருங்கள், நான்