அடிப்பிடித்த ஆம்பர்

புற்றுநோய்க்குக் கழுத்தில் கதிர்வீச்சு கொடுத்த பிறகு என் கணவன் ஓரினுக்கு நாக்கு செத்துப்போனது. காபி, பன்றிக்கறி, நான் வைக்கும் மிளகாய் சூப், எல்லாமே அவனுக்கு வெறும் வெந்நீர்தான். சிலருக்கு ருசி திரும்ப வரும், சிலருக்கு வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"நான் வீட்டுல காய்ச்சுற ஆம்பர் பீர் உள்ள இறங்கினா நாக்கு தானா முழிச்சுக்கும்," என்றான் ஓரின். கடை பீரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பிடிவாதத்தில் அவனை மிஞ்ச எங்கள் டுலூத் ஊர் முழுக்க ஆள் கிடையாது.

பீர் காய்ச்சும் பானையைத் தூக்க அவனுக்குத் தெம்பில்லை. அதனால் கராஜில் நான் காய்ச்சினேன். அவன் போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினான். முளைகட்டி வறுத்த பார்லியைத் துணிப்பையில் கட்டி வெந்நீரில் ஊறப்போட்டு எடுத்தேன்.

"பையைப் பிழியாதடி, துவர்க்கும்!"

"வாயை மூடிட்டு உட்காரு. பிழியல, வடிய விடுறேன்."

அடுத்து, பார்லியிலிருந்து எடுத்த மால்ட் பாகை அந்த நீரில் ஊற்றும் முன் அடுப்பை அணைக்க வேண்டும். வீட்டில் பீர் காய்ச்சுகிற எவருக்கும் அதுதான் முதல் பாடம். அந்த நேரம் பார்த்து ஓரினுக்கு மூச்சு முட்ட இருமல் வந்தது. எரிகிற அடுப்பிலேயே பாகைக் கவிழ்த்துவிட்டு ஓடினேன். முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பினால் பாகு அடிப்பிடித்துக் கரிந்திருந்தது. கராஜ் முழுக்கத் தீய்ந்த நாற்றம். அவன் மூக்குக்கு அதுவும் எட்டவில்லை.

"வாசனை தூக்குதா?" என்று கேட்டான்.

கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு அசட்டு ஆசை வந்தது. இருக்கட்டும், குடித்ததும் முகத்தைச் சுளித்து, இது என்னடி சாம்பல் தண்ணி என்று என்னைத் திட்டட்டும். திட்டினால் நாக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டேன், ஆறவைத்து ஈஸ்ட் தூவினேன், புளித்ததும் பாட்டில்களில் அடைத்தேன். அந்தத் திட்டுக்காக வாரக்கணக்கில் காத்துக்கிடந்தேன்.

பாட்டில் திறக்கும் நாளில் ரூடியை வரச்சொன்னான் ஓரின். இருவரும் ஒரே பீர் சங்கம். அங்கே யாரும் யாருடைய பீரையும் சும்மா பாராட்டுவதில்லை, குறை சொல்வதுதான் மரியாதை. ரூடி அதில் ஒரு படி மேல். ஓரினின் பீர் பரிசு வாங்கிய அன்றுகூட, ஈர நாய் வாடை அடிக்கிறது என்றவன் அவன்.

ஓரின் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"இனிப்பு... லெனோர், லேசா இனிப்பு தெரியுது! வந்துடுச்சு!"

நானும் குடித்தேன். என் வாயில் கரியைத் தவிர வேறெதுவும் இல்லை.

ரூடி குடித்தான். விழுங்க முடியாமல் விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"நல்லாருக்குடா ஓரின். ஒரு குறையும் இல்ல."

ஓரினின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கிளாஸை மெல்லக் கீழே வைத்தான்.

"இவன் வாயில இப்படி வராதே. லெனோர், இந்த பீருக்கு என்ன ஆச்சு?"

"பாகு கரிஞ்சுபோச்சு." அதற்குமேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

"ரொம்பவா?"

"வாயில வைக்க முடியல."

அவன் மறுபடி கிளாஸை எடுத்தான். ஒரு வாய் குடித்து, வெகுநேரம் நாக்கிலேயே வைத்திருந்து விழுங்கினான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. அந்த இனிப்புகூட இல்ல," என்றான்.