வெற்று ஓட்டம்

மருத்துவருக்கு அண்ணன் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே, அவள் அப்பாவின் முழங்கைக்கு அடியிலிருந்து அந்த நோட்டை உருவினாள். கை கனத்தது. தூக்கி நகர்த்தத்தான் வேண்டியிருந்தது.

அரை மணி முன்புதான் அப்பா கேட்டிருந்தார். "நான் எழுதினதைப் பார்த்தல்ல? கீழ சாட்சின்னு கையெழுத்துப் போடும்மா."

"முதல்ல மாத்திரையப் போடுங்க. கையெழுத்து எங்க ஓடிப்போவுது?"

தண்ணீர் எடுத்து வருவதற்குள் அவர் போய்விட்டார்.

முப்பத்தாறு வருடம் வேதியியல் பேராசிரியர். பாதி நாள் கல்லூரி, பாதி நாள் நீதிமன்றம். எந்த வயிற்றில் எந்த விஷம் என்று அவர் சொன்னால் எதிர்க்கட்சி வக்கீல்கூட மறுகேள்வி கேட்கமாட்டார். கடைக்காரன் கட்டிக்கொடுத்த உப்பை வீட்டில் மறுபடி நிறுத்துப் பார்க்கிற மனிதர்.

அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பக்கத்தைப் பிரித்தாள். பதினோரு வருடத்துக்கு முந்தைய பக்கம். ஒரு லாரி ஓட்டுநரின் மாமனார் குடித்த தேநீர்க் கோப்பையில் விஷம் இருந்தது என்று சொல்லி, அந்த ஓட்டுநரை ஆயுளுக்கும் உள்ளே அனுப்பிய பக்கம். நடுவில் 'வெற்று ஓட்டம்: சுத்தம்' என்ற வரியை அப்பா ஒரே கோட்டால் அடித்திருந்தார். அடித்தது படிக்கும்படி இருக்கவேண்டும் என்பது ஆய்வுக்கூடச் சட்டம். கீழே, இன்றைய தேதியில், நடுங்காத எழுத்தில்:

'கோப்பை மாதிரியைக் கருவியில் செலுத்துமுன் வெறும் கரைப்பானைச் செலுத்திப் பார்க்கவில்லை. முந்தைய நாள் வரைபடத்தை ஒட்டினேன். அதே ஊசியில் அன்று காலை ஒப்பீட்டுக்காக அசல் விஷம் ஏற்றியிருந்தேன். கண்டது கோப்பையில் இருந்ததா, ஊசியில் இருந்ததா என்று சொல்ல முடியாது.'

ஓரத்தில் ஓட்டுநரின் வக்கீலுடைய எண். அடித்த வரிக்குக் கீழே, அதைக் கண்ணால் பார்த்ததாகப் பழைய சாட்சிக் கையெழுத்து. புதியதற்குக் கீழே இடம் காலி.

மதியம் அந்தப் பழைய கையெழுத்துக்காரரே வந்தார். மாணவராக இருந்தபோது அப்பா அவருக்கு வைத்த பெயர் சோதனைக்குழாய். இப்போது துறைத்தலைவர்; குடுவையாகியிருந்தார். அப்பாவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு புத்தக அலமாரியை நெடுநேரம் பார்த்தார்.

"சார் பழைய நோட்டு ஏதாவது வச்சிருந்தாராம்மா? துறைக்குச் சொந்தமானது. கணக்கெடுப்புல ஒண்ணு குறையுது."

"குடுத்துடு," என்றான் அண்ணன். "நாலு மணிக்கு அப்பாவை எடுக்க வண்டி வருது. இன்னும் நூறு வேலை கிடக்கு."

அவள் போய் நோட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினாள். விரலை எடுக்கவில்லை.

அண்ணன்தான் முதலில் படித்து முடித்தான். "மருந்து மயக்கத்துல கிறுக்கியிருக்கார்."

"கிறுக்கலா இது? உன் எழுத்தைவிட நல்லாயிருக்கு."

"அவர் சாட்சி சொன்ன கேஸு நானூறு இருக்கும். இது வெளிய போனா நானூறையும் தோண்டுவானுங்க. இன்னிக்கே அவர் பேர்ல மண்ணள்ளிப் போடணுமா உனக்கு?"

"அந்த ஆளு நிஜமாவே விஷம் வச்சிருந்தா?" என்றார் துறைத்தலைவர், தரையைப் பார்த்து.

"வச்சிருக்கலாம்ணே. எனக்கென்ன தெரியும்? அப்பாவுக்கே தெரியலையே," என்றாள் அவள்.

அவள் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். காலையில் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு நொடி வேலை. இப்போது போட்டால், பிணத்துக்குப் பக்கத்தில் மகள் ஜோடித்தாள் என்பார்கள். போடாவிட்டால் அது சாகக் கிடந்தவரின் உளறல். எப்படியும் உள்ளே இருக்கிறவனுக்குப் பன்னிரண்டாம் வருடம் பிறந்துவிடும்.

தொலைபேசிக்கு அருகில் கிடந்த பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள்.

"போட்டோ எடுத்து அந்த வக்கீலுக்கு அனுப்பப்போறேன். அப்புறம் நோட்டை நீங்க எடுத்துட்டுப் போங்கண்ணே."

"பைத்தியம்," என்று சொல்லிவிட்டு அண்ணன் வெளியே போனான்.

துறைத்தலைவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். மேலே இருந்த தன் கையெழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்தபடி கீழே இருந்ததைப் படித்தார். அவர் பக்கத்தைக் கிழித்துவிடுவாரோ என்று அவள் அவருடைய மறு கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரம் போடலையே," என்றார்.

"ஆங்?"

"சார் எழுதினதை நீ பார்த்த நேரம் ஒண்ணு. நீ கையெழுத்துப் போட்ட நேரம் ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியாப் போடு. இல்லேன்னா கோர்ட்டுல நிக்காது."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்த மாதிரி இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டார்.

அவள் போட்டாள். ஒன்பது நாற்பது. இரண்டு பதினேழு.

படம் எடுத்து அவள் அனுப்பி முடிக்கும்வரை காத்திருந்து, அவர் நோட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். படியில் உட்கார்ந்து ஷூவின் நாடாவைக் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார். வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, பின்பக்கமாக நுழைய வழியில்லாமல் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "சார், கொஞ்சம் நகருங்க," என்றான்.