சிவப்புப் பென்சிலால் திருத்தப்பட்ட அளவு

சைக்கிளில் எண்பது கிலோமீட்டர் மேட்டையும் சேற்றையும் கடந்துவந்த லீசெலோட், மாய்கேயின் காப்பிக்கடைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அது. சைக்கிள் சங்கத்தில் பெரும்பாலோர் அவளுக்கு முன்பே வந்து, ஈரக் காலுறைகளை வெப்பக்குழாயின் மேல் காயப்போட்டுவிட்டு, பீர்க் குவளைகளுக்குப் பின்னால் அமர்ந்திருந்தார்கள். பில்லியர்ட்ஸ் மேசையின் மேல் மாதிரி உடைகள் நிறைந்த அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. ஆண்டுக்கொருமுறை வரும் அளவு பார்க்கும் நாள் அது. அன்று தாளில் எழுதப்படும் எழுத்துதான் மார்ச் மாதம் உடையாகத் திரும்பி வரும். அதற்குப் பிறகு மாற்றம் கிடையாது.

சங்கத்தலைவர் ஃபிர்மின், கழிப்பறைக் கதவருகே இருந்த ஆளுயரக் கண்ணாடியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அறுபத்தேழு வயது, நாற்பதாண்டுகள் இறைச்சிக்கடை நடத்தியவர். கடையை இப்போது அவருடைய மகன் நடத்துகிறான். சங்கத்து உடைக்குப் பாதிச் செலவை அக்கடை ஏற்றுக்கொள்வதால், சுருட்டிய தொத்திறைச்சிப் படம் ஒன்று உறுப்பினர் அனைவருடைய பின்புறத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. அதைப் பற்றி எவருக்கும் வெட்கமில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் பின்புறத்தில் சவப்பெட்டிக்கடை விளம்பரத்தைச் சுமந்து திரிகிறார்கள்.

"நேரா நில்லு. கையைத் தூக்கு. திரும்பு. சரி, போ. அடுத்தது!" என்று ஃபிர்மின் ஒவ்வொருவரையும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

லீசெலோட் எஸ் அளவுக் கால்சட்டை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அணிந்து வந்தாள். தோள்வார்கள் இழுத்துப் பிடித்தன. நிமிர்ந்து நின்றால் கழுத்தே குறுகுவதுபோல் இருந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதை அவள் அறிவாள். நிற்பவருக்காக வெட்டப்பட்ட துணியன்று அது. குனிந்து கைப்பிடியைப் பிடிப்பவருக்காக வெட்டப்பட்டது. நிற்கும்போது இழுப்பது, குனிந்தவுடன் உடலோடு படிந்துவிடும்.

"ரொம்ப இறுக்கம், பொண்ணே" என்றார் ஃபிர்மின். "மூச்சு முட்டுது பாரு. எம் எழுதிக்கிறேன்."

"வேண்டாம். சைக்கிள்ல ஏறிப் பாக்கணும். வெளிய நிக்குது, உள்ள கொண்டு வரேன்."

"முப்பது பேரு வரிசையில நிக்கிறாங்க. ஒவ்வொருத்தரும் சைக்கிளை உள்ள கொண்டு வந்தா மாய்கே என்னைத் தொடப்பத்தால அடிப்பா."

"அடிக்கட்டும்" என்றாள் மாய்கே, குவளை துடைத்தபடியே.

எல்லோரும் சிரித்தார்கள். லீசெலோட் சிரிக்கவில்லை. அந்தக் கால்சட்டை சரியாக அமைவது அவளுக்குச் சிரிப்பதற்குரிய காரியமாக இருக்கவில்லை. சென்ற மே மாதத்தில், இருக்கை உரசும் இடத்தில் தோன்றிய சிறு புண் ஒன்று, மூன்று வாரத்தில் சீழ்க்கட்டியாகி, ஊதெனார்டே நகரத்து மருத்துவர் கத்தி வைக்கும் நிலைக்குப் போனது. கோடை முழுவதும் அவள் வட்டத் தலையணையின் மேல் அமர்ந்து சாப்பிட்டாள். ஏழு ஆண்டுகளாகத் தவறாமல் ஓட்டிய பந்தய உலாக்களை அவள் சாளரத்தின் வழியே பார்க்க நேர்ந்தது. தையலைப் பிரித்தபோது மருத்துவர் சொன்னது அவள் காதில் இன்னும் இருந்தது: அதே இடத்தில் மறுபடியும் ஒரு கட்டி வந்தால், சைக்கிளை விற்றுவிடுவது நல்லது.

வரும் ஏப்ரலில் நூற்றெழுபது கிலோமீட்டர். பதினான்கு மேடுகள், அவற்றில் ஆறு கல் பாவியவை. அதை ஓட்டுவதென்று அவள் முடிவுசெய்திருந்தாள். சங்கத்தோடு புறப்படுபவர் சங்கத்து உடையில்தான் புறப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே, இன்று எழுதப்படும் எழுத்து பிழையாகக் கூடாது.

"போன தடவை எனக்கு வந்தது என்ன அளவு?" என்று அவள் கேட்டாள். "உள்ள வெறும் நம்பர்தான் போட்டிருக்கு. நாலுன்னு. நாலுன்னா எஸ்ஸா?"

"ஆமா, ஆமா. அப்படித்தான் இருக்கும்" என்ற ஃபிர்மின், பீர்க் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாய்கே, எனக்கு ஒண்ணு ஊத்து."

அவர் நகர்ந்த இடத்தில், சன்னலோர மேசையின் மேல், அவருடைய பச்சைக் கோப்பு இருந்தது. லீசெலோட் அதைத் திறந்தாள். திருட்டுத்தனமாக அல்ல, நாலு என்பது எஸ்தானா என்று பார்க்க மட்டுமே திறந்தாள். தொழிற்சாலையின் அளவு அட்டவணை மேலேயே இருந்தது. மூன்று, எஸ். நான்கு, எம்.

அதற்குக் கீழே சென்ற ஆண்டின் தாள். அவள் பெயருக்கு எதிரே அவள் கையாலேயே நீல மையில் எழுதிய எஸ். அதைக் குறுக்கே அடித்து, சிவப்புப் பென்சிலால், பெரிய எழுத்தில், எம்.

அவள் விரல் தாளில் கீழே இறங்கிற்று. வார்ட், எம், அடிக்கப்பட்டு எல். கூடெலே, எம், அடிக்கப்பட்டு எல். தாள் முழுவதும் சிவப்பாகவே இருந்தது. முப்பத்தொரு பெயர்களில் சிவப்புப் படாத பெயர் ஒன்றே ஒன்று: ஃபிர்மின், எல்.

மார்ச் மாதத்தில் அந்த உடை வந்தபோது, கால்சட்டைக்குள் இருக்கை படும் இடத்தில் தைத்திருக்கும் மெத்துப் பேட் உடம்போடு ஒட்டவில்லை, மடிகிறது என்று அவள் ஃபிர்மினிடம் வந்து சொன்னாள். தொடைப்பட்டை மேலேறிவிடுகிறது என்றும் சொன்னாள். 'புதுத்துணிம்மா. ரெண்டு தடவை துவைச்சா சுருங்கிடும்' என்று அவர் பதில் சொன்னார். அவள் துவைத்தாள். வெந்நீரில் பதினொரு முறை துவைத்தாள். பிறகு இருக்கையைக் குறைசொல்லி, இரண்டு புதிய இருக்கைகள் வாங்கினாள். பிறகு தன் தோலைக் குறைசொன்னாள். இறுதியில், முப்பத்தெட்டு வயதாகிவிட்ட தன் உடலையே குறைசொல்லிக்கொண்டு, தலையணையின் மேல் அமர்ந்திருந்தாள். இத்தனைக்கும் அடியில் இருந்தது இந்தப் பென்சில்.

"ஃபிர்மின்."

அவள் குரல் உயரவில்லை.

"இது என்ன?"

அவர் குவளையோடு திரும்பினார். கோப்பைப் பார்த்தார். "அது சங்கத்துக் கோப்பு. உன்னை யாரு தொறக்கச் சொன்னா?"

"நான் எஸ்னு எழுதினேன். நீங்க எம்னு மாத்தியிருக்கீங்க."

"எல்லாருக்கும்தான் மாத்தினேன்" என்றார் அவர். சொல்லிய பிறகுதான், அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது அவருக்கு உறைத்தது.

வார்ட் பெஞ்சிலிருந்து எழுந்தான். "எனக்குமா?"

"இங்க பாருங்க" என்று ஃபிர்மின் குவளையை வைத்தார். "பன்னெண்டு வருஷமா இந்த வேலையை நான்தான் பாக்குறேன். நவம்பர்ல எல்லாரும் பொய் எழுதுறீங்க. கண்ணாடி முன்னாடி வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு எஸ், எம்னு கூசாம எழுதுறீங்க. அப்புறம் கிறிஸ்துமஸ், புது வருஷம், வாத்து, சாக்லேட். மார்ச்ல ஜிப்பு ஏறலன்னு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறது யாரு? நீதான் வார்ட், மூணு வருஷம் நின்ன! அதனால போன தடவை ஒவ்வொருத்தருக்கும் ஒரு அளவு கூட்டிப் போட்டேன். அதுக்கப்புறம் ஒருத்தராவது வந்து அழுதீங்களா?"

"நான் வந்தேன்" என்றாள் லீசெலோட்.

அவர் குவளையை மறுபடி கையில் எடுத்தார்.

"நான் வந்து சொன்னேன். லூசா இருக்கு, மடியுதுன்னு. உங்களுக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே துவைக்கச் சொன்னீங்க."

"அது... ஒரு அளவு தானேம்மா. நாப்பது வருஷம் கண்ணாலேயே எடை பாத்தவன் நான். நூறு கிராம் தப்பாது. உன்னைப் பாத்தா எம் மாதிரிதான்..."

"நான் கொக்கியில தொங்குற பன்னி இல்ல!"

இம்முறை அவள் குரல் உயர்ந்தது. மாய்கேயின் நாய் மேசைக்கடியில் எழுந்து உட்கார்ந்தது.

"பன்னியைக்கூட தராசுல போட்டுத்தானே வித்தீங்க? எனக்கு அதுகூட இல்லையா? நான் பொய் எழுதல. டேப்பு வச்சு அளந்து எழுதினேன். எவனோ வயித்தை இழுத்துக்கிட்டு எழுதினான்னு, உண்மை எழுதினவளையும் சேத்து அடிச்சிட்டீங்க. அந்த ஒரு அளவு எனக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா? மூணு மாசம். கத்தி. இந்த ரூம்ல இருக்கிற எல்லாரும் என்னைப் பாத்து 'வயசாச்சு, விட்டுடு'ன்னு சொன்னீங்க. நீங்களும் சொன்னீங்க, ஃபிர்மின். பூ வாங்கிட்டு வந்து, என் படுக்கை பக்கத்துல உக்காந்து சொன்னீங்க!"

அவர் முகம் அவருடைய கடை இறைச்சியைப்போல் சிவந்தது.

இதுவரையில் ஓரமாக நின்று பிரெஞ்சு வறுவல் தின்றுகொண்டிருந்த கூடெலே முன்னால் வந்தாள். அவள் தார்ச்சாலையில் ஓட்டுபவளல்லள்; காட்டுப்பாதைக் கூட்டத்தைச் சேர்ந்தவள். தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் எல் அளவா?" என்றாள் மெதுவாக. "அப்ப அந்தப் பள்ளம்..."

என்ன பள்ளம் என்று எவரும் கேட்கவில்லை. காட்டு இறக்கத்தில் இருக்கைக்குப் பின்னால் உடலைத் தள்ளியவள், மறுபடி முன்னால் வரும்போது, தொளதொளத்த கால்சட்டை இருக்கையின் பின்விளிம்பில் மாட்டிக்கொள்ள, சைக்கிளோடு நீர்ப்பள்ளத்தில் விழுந்தாள். அந்தக் கதையை மாதக்கணக்கில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிச் சிரித்துவந்தார்கள். ஃபிர்மினே அதை நடித்துக் காட்டுவார்.

"முட்டிக்காப்பு போட இடம் வேணும்னு நான் முட்டிகிட்டதான் அகலம் கேட்டேன்" என்றாள் கூடெலே. "இடுப்புல இல்ல. இத்தனை மாசமா என் கதையைச் சொல்லிச் சிரிச்சீங்களே தலைவரே, நல்லா இருந்துச்சா?"

ஃபிர்மின் கோப்பை எடுக்கக் கை நீட்டினார். லீசெலோட் அதன் மேல் உள்ளங்கையை ஊன்றினாள்.

"வார்ட், என் சைக்கிளை உள்ள கொண்டு வா. மாய்கே, மாடியில இருக்கிற உருளை வேணும். அப்படியே துணி அளக்குற டேப்பு."

நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் குளிர்காலப் பயிற்சிக்காக வைத்திருந்த உருளைத் தாங்கி, மேசைகளுக்கு நடுவே இறக்கிவைக்கப்பட்டது. சேறு சொட்டும் சைக்கிளை அதன்மேல் ஏற்றினார்கள். மாய்கே துடைப்பத்தைத் தேடவில்லை.

முதலில் லீசெலோட்டே ஏறினாள். எஸ் அளவு. குனிந்து கைப்பிடியின் கீழ்வளைவைப் பிடித்துப் பத்து நிமிடம் மிதித்தாள். தோள்வார்கள் தளர்ந்தன. பேட் மடியவில்லை; ஓரங்களில் தூக்கவில்லை; தொடைப்பட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவளுடைய கோபம் தணிந்துவிடும் என்று எவராவது எண்ணியிருந்தால், அவர் ஏமாந்துபோனார். சரியான துணி எவ்வளவு எளிதாக உடம்பில் படிகிறது என்பதை உணர உணர, அவளுடைய கோபம் கூடிற்று. இவ்வளவுதான் தேவைப்பட்டிருந்தது. ஓர் எழுத்து.

இறங்கி, புதிய தாளில் பேனாவால் எஸ் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

"அடுத்தது வார்ட். உள்ள ஜட்டி போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன். ஏன்?"

"கழட்டிட்டு வா. பேடுக்கு உள்ள எதுவும் போடக்கூடாதுன்னு எத்தனை வருஷமா சொல்றது? அதான் வாத்து மாதிரி நடக்குற."

இம்முறையும் சிரிப்பு எழுந்தது. ஆனால் சிறிய சிரிப்பு. ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். கூடெலே அளவு நாடாவைப் பிடித்தாள். லீசெலோட் எண்ணை உரக்கப் படித்து, அளவை எழுதி, ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். எம் என்று அடம்பிடித்தவர்களுக்கு எல் வந்தது. எல் கேட்ட இருவருக்கு எம் வந்தது. வாதாட வாய் திறந்த சிலர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்கள்.

இறுதியில் ஒரே ஒரு வரி காலியாக இருந்தது.

"உங்க அளவு மட்டும்தான் பாக்கி, தலைவரே. ஏறுங்க."

"என் அளவு எனக்குத் தெரியும். எல்."

"என் அளவும் எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு."

ஃபிர்மின் அறையைச் சுற்றிப் பார்த்தார். அவருக்காகப் பேச எவரும் எழவில்லை. அவர் சங்கத்துச் சட்டையின் ஜிப்பு நெஞ்சுக்கு மேல் மூடி எவரும் பார்த்ததில்லை. வெயிலோ மழையோ, அது தனக்குப் பிடித்த பாணி என்று சொல்லிவந்தார். அவர் காலணிகளைக் கழற்றினார். வார்ட் கைகொடுக்க, முனகிக்கொண்டே ஏறி அமர்ந்து, குனிந்தார். கூடெலே அவர் வயிற்றில் நாடாவைச் சுற்றினாள். அது சுற்றிவர நேரம் பிடித்தது. அவள் எண்ணைச் சொல்லாமல், லீசெலோட்டிடம் நாடாவைக் காட்டினாள்.

மற்ற எல்லோருக்கும் எந்தக் குரலில் படித்தாளோ அதே குரலில் அவள் படித்தாள்.

"நூத்திப் பதினாறு. டபுள் எக்ஸ் எல்."

எவரும் சிரிக்கவில்லை. ஃபிர்மின் இறங்கி, தாளைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்து, பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்.

"இதை நான் நாளைக்குக் காலையில தொழிற்சாலைக்கு அனுப்பிடுறேன்" என்றார், தாளை மடிக்கப் போனவாறு.

"வேண்டாம். நான் அனுப்புறேன்."

"இதுக்குக்கூட என்னை நம்ப மாட்டியா?"

"மாட்டேன்."

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "தப்புதான்" என்றார். "பூ வாங்கிட்டு வந்து சொன்னேன் பாரு. அது பெரிய தப்பு."

"ஆமா."

"கோவம் போக எவ்வளவு நாளாகும்?"

லீசெலோட் தாளை நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரச் சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டாள். தலைக்கவசத்தை எடுத்தாள்.

"ஏப்ரல்ல பதினாலு மேடு இருக்கு. பதினாலாவதுல ஏறி இறங்கினப்புறம், எனக்கு உக்கார முடிஞ்சா, அப்ப கேளுங்க" என்று சொல்லி, சைக்கிளை உருளையிலிருந்து இறக்கி, வெளியே தள்ளிக்கொண்டு போனாள்.