வெயிலை விற்றவள்

எங்கள் ஊர் சாந்தா எல்வீராவில் கால்பந்து ஆட்டம் என்றால் பகல் பன்னிரண்டு மணிதான். நேரம் குறிக்கும் உரிமை சொந்த ஊர் அணிக்கு. மொத்தாகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கின் வெயில் தெரியாத தலைநகர்ப் பிள்ளைகள் இடைவேளைக்குள் வாடிவிடுவார்கள். அப்புறம் நாங்கள் கோல் போடுவோம். எங்கள் அணிக்கு ஓணான்கள் என்று பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். வெயில் ஏறினால்தான் அசைவோமாம். நான் அதற்காக வெட்கப்பட்டதே இல்லை. கடவுள் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

நான் எர்சீலியா பாயிஸ். முலாம்பழம் அடுக்கி அனுப்பும் கொட்டகை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாகக் கிளப்புக்குத் தலைவி. வேறு யாரும் முன்வராததால் தலைவி.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் சான் கஸ்பார் அணியோடு. தலைநகரின் பெரிய அணி. ஜெயித்தாலும் சமன் செய்தாலும் பதினொரு வருடத்துக்குப் பிறகு கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக நுழைவோம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திங்கட்கிழமை காலை பயிற்சியாளர் நெப்தாலி கொட்டகைக்கு வந்தான். ஊரில் எல்லோருக்கும் அவன் வாத்தியார்; நான் தோன்யா, அதாவது அம்மா.

"தோன்யா எர்சீலியா, சனிக்கிழமை ஆட்டத்த நாலு மணிக்கு வைங்க."

"என்ன வாத்தியாரே, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய பேப்பர் துண்டை எடுத்துப் பழப்பெட்டி மேல் வைத்தான். போன பருவத்தில் இதே அணியை ஜெயித்த மறுநாள் தலைநகர்ப் பேப்பரில் வந்த தலைப்பு: 'வெயில் 2, சான் கஸ்பார் 0.'

"ரெண்டு கோலும் போட்டது மார்லன். உங்க கொட்டகையில பெட்டி ஏத்துறானே, அந்த மார்லன். உள்ள எங்கயாச்சும் அவன் பேர் இருக்கா பாருங்க."

பார்த்தேன். இல்லை.

"இந்த ஊர்லேருந்து ஒருத்தன்கூட நாட்டு அணிக்குப் போனதில்ல. அதுக்கு ஆள் பாக்கிறவர் சனிக்கிழமை வர்றார். பன்னெண்டு மணிக்கு வச்சா வெயிலத்தான் பாத்துட்டுப் போவார்."

"தோத்துட்டா?"

"தோத்தா நான் பொட்டி கட்டிடுறேன்."

"நீ கட்டுவே. நான் எங்கடா போறது? எனக்குப் பொணக்குழியே இந்த ஊர்லதான்!"

இரண்டு நாள் அவனைத் திட்டினேன். ஆனால் அந்தத் தலைப்பு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கொட்டகையில் மார்லன் பெட்டி ஏற்றும்போதெல்லாம் என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதன்கிழமை கையெழுத்துப் போட்டேன். நாலு மணி.

ஊர் கொந்தளித்துவிட்டது. வானொலியில் ஆட்டம் வர்ணிக்கும் தோன் வென்செஸ்லாவ், "நம்ம பன்னெண்டாவது ஆட்டக்காரனான வெயில நம்ம தலைவியம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மக்களே!" என்று காலைச் செய்தியிலேயே ஒப்பாரி வைத்தார். வியாழக்கிழமை விடிந்தபோது என் கொட்டகைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில், 'வெயிலை விற்றவள்.' தலைநகர்க்காரர்களிடம் நான் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டேனாம். சோள அடை வாங்கப் போன இடத்தில் ஒருத்தி எனக்குக் கேட்கிற மாதிரி, "எவ்வளவுக்குப் போச்சோ!" என்றாள். "உன் புருஷன எடைக்குப் போட்டா வர்றதவிடக் கொஞ்சம் கூடத்தான்," என்று சொல்லிவிட்டு, அடையை வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு மலையிலிருந்து காற்று இறங்கியிருந்தது. சான் கஸ்பாரின் பச்சைச் சட்டைக்காரர்கள் சிரித்துக்கொண்டே மைதானத்தில் இறங்கினார்கள். அவர்களுக்குச் சொந்த வீடு மாதிரி இருந்தது. இருபதாவது நிமிடத்தில் கோல் போட்டார்கள். மரப்பலகைப் படிகளில் இருந்த மொத்த ஊரும் என் பக்கம் திரும்பிக் கத்தியது: "பன்னெண்டு மணி! பன்னெண்டு மணி!" யாரோ பாதி கடித்த முலாம்பழத் துண்டை என் முதுகில் எறிந்தார்கள். நான் திரும்பவில்லை. முதுகு ஈரத்தோடு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

இடைவேளையில் நெப்தாலி பையன்களிடம் என்ன சொன்னான் என்று பிறகு கேட்டேன். "பந்தக் குடுத்துட்டு நிக்காதீங்க, ஓடுங்கன்னேன். வேற என்ன சொல்ல?" என்றான்.

ஓடினார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் தொண்ணூறு நிமிடம் ஓடிப் பழகிய கால்கள் நாலு மணிக் காற்றில் எப்படி ஓடும் என்று அதுவரை எங்கள் மைதானத்தில் நாங்களே பார்த்ததில்லை. எதிராளி வாடட்டும் என்று காத்திருந்து, மூச்சைச் சேர்த்து வைத்து ஆடித்தானே பழக்கம்! இப்போது சேர்த்து வைக்க அவசியமில்லை. பந்து அவர்கள் காலுக்குப் போவதற்குள் எங்கள் பையன்கள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். அறுபத்தெட்டாவது நிமிடம் மார்லன் இரண்டு பேரைத் தாண்டி இடது காலால் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று.

சமன் போதும். எல்லோரும் பின்னால் வந்து நில்லுங்கள் என்று ஊரே கத்தியது. நானும்தான் கத்தினேன். நெப்தாலி எல்லைக் கோட்டருகே நின்று இரண்டு கையாலும் முன்னே, முன்னே என்று தள்ளிக்கொண்டிருந்தான்.

எண்பதாவது நிமிடத்தில் ஒரு பச்சைச் சட்டை கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. படிகளில் சத்தம் அடங்கியது. நாங்கள் நூறு தடவை பார்த்த காட்சிதான். ஆனால் படிகளில் இருந்தவர்கள் மேலே இன்னொரு சட்டை போட்டுக்கொள்ளும் அளவுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. தோன் வென்செஸ்லாவின் குரல் ஒவ்வொருவர் மடியிலிருந்த வானொலியிலிருந்தும் கேட்டது. அந்த மனிதர் விம்முகிறார்: "வெயில் இல்ல மக்களே! நல்லாப் பாத்துக்கங்க, வெயில் இல்ல! இது நம்ம பிள்ளைங்க! நம்ம பிள்ளைங்கய்யா!"

எண்பத்தாறில் மார்லன் இரண்டாவதையும் போட்டான்.

என் முதுகில் பழம் எறிந்தவன் யாரென்று இன்றுவரை தெரியாது. அன்று என் முதுகைத் துடைத்துவிட ஏழெட்டுப் பேர் போட்டி போட்டார்கள். ஒருத்தர் விடாமல் எல்லோரையும் திட்டினேன். திட்டத் திட்டக் கட்டிப்பிடித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நெஞ்சு வலிக்கிற அளவுக்குப் பெருமை. ஆள் பார்க்க வந்தவர் நெப்தாலியிடம் மார்லனின் முழுப்பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். மறுநாள் தலைநகர்ப் பேப்பரில் பதினோரு பேருடைய பெயரும் இருந்தது. அதை நானே சத்தமாக வாசித்தேன், கொட்டகையில் வேலையை நிறுத்தி.

அடுத்த சுற்றில் எங்களுக்கு எதிராளி குளிர்மலை ஊர் அணி. முதல் ஆட்டம் எங்கள் ஊரில். நேரம் எழுதி அனுப்பச் சொல்லி லீக்கிலிருந்து கடிதம் வந்தது.

"பன்னெண்டா, நாலா?" என்று நெப்தாலியைக் கேட்டேன்.

"வர்றவங்களையே கேட்டுடுங்க, தோன்யா."

'விருந்தாளிகளுக்கு எது வசதியோ அது' என்று எழுதி, என் முழுப்பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

இரண்டு நாளில் அவர்கள் பயிற்சியாளரிடமிருந்து பதில் வந்தது. படித்துவிட்டு நெப்தாலியிடம் நீட்டினேன். அவன் ஒரு தடவை படித்தான், நம்பாமல் இன்னொரு தடவை படித்தான், அப்புறம் பழப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

'உங்கள் பையன்கள் நாலு மணிக்கு எப்படி ஓடுகிறார்கள் என்று பார்த்தோம். தயவுசெய்து ஆட்டத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்கே வையுங்கள்.'